கடல் கடந்தவன் கட்டும் வீடு

'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர் தமிழ் வல்லார். பற்றை விடுதல், துன்பத்தினின்றும் விடுபடுதல் என்னும் பொருள்களைத் தாங்கிய அதே சொல், பகலெல்லாம் உழைத்தவன் அவ்வுழைப்பை விட்டு வந்து தங்கும் இடத்திற்கும் பெயராக நிற்கின்றது. 'இல்', 'மனை' என்பனவும் தமிழின் தொன்மையான சொற்களே. இல்லிலிருந்து இல்லாளும், மனையிலிருந்து மனைவியும் பெயர் பெற்றனர். கட்டடத்தையும் அதில் வாழும் துணையையும் ஒரே வேரில் வைத்துப் பேசுவது தமிழின் இயல்பு.

அரபு மொழியோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. 'பைத்' என்றால் இராத்தங்கும் இடம். 'மஸ்கன்' என்பது 'ஸகன' என்னும் வேரிலிருந்து வருவது. அசைவு நீங்கி அமைதி அடைதல் அதன் பொருள். உள்ளத்தில் இறங்கும் அமைதியாகிய 'ஸகீனத்' என்பதும் இவ்வேரின் கிளையே. திருமறையின் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தில் இறைவன் நமக்கு அளித்த இல்லங்களைப் பற்றிப் பேசும்போது இவ்வேர்ச்சொல்லே ஆளப்படுகின்றது. 'அர்ரூம்' அத்தியாயத்தில் வாழ்க்கைத் துணையிடம் மனிதன் அடையும் ஆறுதலைப் பற்றிப் பேசும்போதும் இதுவே ஆளப்படுகின்றது. இல்லமும் துணையும் ஆகிய இரண்டு அருட்கொடைகளுக்கும் சொல் ஒன்றே. 'மிஸ்கீன்' என்னும் சொல்லும் இவ்வேரில் பிறந்ததுதான். வறுமையால் அசையவும் மாட்டாது ஒடுங்கியவன் என்பது அதன் கருத்து. வீடு கட்டி முடித்தோர் பலரின் கைக்கணக்கைப் பார்த்திருக்கும் நமக்கு இந்த உறவுமுறை வியப்பளிப்பதில்லை.

சொல்லாராய்ச்சிக்காக இதனைச் சொல்லவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற நம் ஊர்களின் தெருக்களில் நடந்து செல்பவர், ஒன்று விட்டு ஒரு வீடு கடல் கடந்த பணத்தால் எழுந்திருப்பதைக் காண்பர். அவ்வீடுகளுள் பலவற்றில், கட்டியவன் மட்டும் இல்லை. அவன் துபாயிலோ, ரியாத்திலோ, குவைத்திலோ, கோலாலம்பூரிலோ இருக்கின்றான். இராத்தங்காதவனுக்குப் 'பைத்' எது? துணையைப் பிரிந்து நிற்பவனுக்கு 'மஸ்கன்' எங்கே? இவ்வினாவைக் கவிதையாகக் கேட்பது எளிது. கொடுக்கல் வாங்கலாக, ஹலால் ஹராமாக, உரிமை கடமையாகக் கேட்பதே நம் நோக்கம்.

உழைக்கும் நாட்டிலேயே வீடு கட்டிக் குடும்பத்தை அழைத்துக்கொண்டால் என்ன என்று கேட்போர் உளர். வளைகுடா நாடுகளில் அயலார் நிலம் வாங்க நெடுங்காலம் வழி இருந்ததில்லை. துபாய் 2002-இல் குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் அவ்வாயிலைத் திறந்தது. சவூதி அரேபியா அதற்கான புதிய சட்டத்தை 2025-இல் அங்கீகரித்தது. எனினும் இவை வணிகப் பெருமக்களுக்கும் உயர்பதவியில் உள்ளோர்க்கும் பயன்படுவன. கடையில் நிற்பவனுக்கும், வண்டி ஓட்டுபவனுக்கும், பிறருடைய அடுக்கு மாளிகைக்குச் சாரம் கட்டி ஏறுபவனுக்கும் அங்கே கிடைப்பது, ஓர் அறையில் ஆறு பேரோ எட்டுப் பேரோ பங்கிட்டுக்கொள்ளும் இரண்டடுக்குக் கட்டிலில் ஓர் அடுக்கு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெட் ஸ்பேஸ்'. ஒரு மனிதன் படுத்தால் அடையும் நீளமும் அகலமும்தான் அவனுடைய குடியிருப்பு. கபுறின் அளவும் ஏறத்தாழ அதுவே.

வாடகை வீடு எடுத்து மனைவி மக்களை அழைத்துக்கொண்டோரும் இருந்தனர், இருக்கின்றனர். ஆயின் சவூதியில் 2017 ஜூலை முதல் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் திங்கள்தோறும் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி, 2020-இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று மக்களும் உடனிருந்தால் திங்களுக்கு 1,600 ரியால்! அதுவே ஒருவனுடைய முழுச் சம்பளமாக இருக்கும் இடங்களும் உண்டு. அவ்வாண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் பள்ளிக்கூடத்தின் பாதி ஆண்டில் புத்தகப் பையோடு ஊர் திரும்பின. ஆதலின் அவன் அங்கே வீடு கட்டவில்லை என்று குறை கூறுவதில் பொருளில்லை. அங்கே கட்ட இயலாதவன் இங்கே கட்டுகின்றான். இங்கே கட்டுவதற்காகவே அங்கே இருக்கின்றான்.

இனி, கணக்கைப் பார்ப்போம். கணக்கின்றி அறம் பேசுவது மிம்பரில் இருப்போர்க்கு எளிது, கேட்போர்க்குப் பயனில்லை.

ஒருவன் 2,000 திர்ஹம் ஊதியம் பெறுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் வாடகை, உணவு, தொலைபேசி, மருந்து என்று 800 போய்விடும். வீட்டுச் செலவுக்கு 700 அனுப்புகின்றான். எஞ்சுவது 500. ஆண்டுக்கு 6,000 திர்ஹம். திர்ஹம் ஒன்றுக்கு 23 ரூபாய் என்று கொண்டால் 1,38,000 ரூபாய். 1,500 சதுர அடியில் ஒரு வீடு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் செலவாகும் என்று கொள்வோம். மொத்தம் 37,50,000 ரூபாய். இத்தொகையை அவன் சேர்க்க 27 ஆண்டுகள் ஆகும். நிலத்தின் விலையை இதில் சேர்க்கவில்லை. விசாவுக்காக முகவரிடம் கொடுத்த பணத்தைக் கழிக்கவில்லை. சிமெண்டும் கம்பியும் ஆண்டுதோறும் ஏறுவதைக் கருதவில்லை. ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்டுக்குக் காத்திருந்த மாதங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. தங்கை திருமணம், தந்தையின் மருத்துவம் ஆகிய எதுவும் குறுக்கே வராத ஒருவனின் கணக்கு இது. அப்படி ஒருவன் நம் சமுதாயத்தில் இல்லை. ஊதியம் இதனினும் மிகுந்தோர் உண்டு என்பது உண்மையே; அவர்கள் கட்டும் வீடும் 1,500 சதுர அடியில் நிற்பதில்லை என்பதும் உண்மை.

இந்த 27 ஆண்டுகளில் அவனுக்கு ஆண்டுக்கு ஒரு திங்கள் விடுப்பு என்று கொண்டாலும், தன் மனைவி மக்களோடு வாழ்ந்த காலம் 27 திங்கள். அதாவது இரண்டே கால் ஆண்டு. இருபத்தைந்தில் போனவன் ஐம்பத்திரண்டில் வருகின்றான். வீட்டின் விலை 37 இலட்சத்து 50 ஆயிரம் என்று பத்திரம் சொல்லும். இரண்டே கால் ஆண்டு போக எஞ்சிய இருபத்து நான்கே முக்கால் ஆண்டையும் பத்திரத்தில் எழுத இடமில்லை.

இவ்வாறு மெல்ல மெல்லக் கட்டுவதில் ஒரு பெருமை இருக்கின்றது. அதை மறைத்தல் நீதியன்று. வங்கியில் கடன் வாங்கினால் வீடு ஓராண்டில் எழுந்துவிடும். வட்டி ஹராம் என்னும் அச்சத்தால் அவ்வழியை விலக்கி, ஒரு விடுப்பில் வானம் பறித்து, அடுத்த விடுப்பில் சுவர் எழுப்பி, அதற்கடுத்த விடுப்பில் தளம் போடுபவர் நம்மிடையே ஆயிரக்கணக்கில் உளர். மாடியில் துருப்பிடித்த கம்பிகள் வானை நோக்கி நிற்கும் வீடுகளைக் கண்டு, 'கட்டத் தெரியாமல் தொடங்கிவிட்டான்' என்று நகைப்போர் இதனை அறியார். அக்கம்பிகளுள் சில, ரிபாவை அஞ்சிய ஒருவனின் பொறுமைக்குச் சாட்சி. அவ்வச்சத்துக்கு அவன் கொடுத்த விலை வட்டியினும் பெரிது. தன் வாலிபத்தையே அதற்காகக் கொடுத்தான். ஆயினும் அவனிடம் ஒரு செய்தியை நினைவூட்டல் வேண்டும். வசிக்கும் வீட்டிற்கு ஸகாத் இல்லை. ஆனால் வீடு கட்டுவதற்கென்று சேர்த்து வைத்த பணம் நிஸாபை எட்டி, ஓராண்டு அவன் கையில் நின்றால், அதற்கு நாற்பதில் ஒன்று ஸகாத் உண்டு என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. 5 இலட்சம் சேர்ந்து நின்றால் 12,500 ரூபாய். 'வீட்டுக்காக வைத்திருக்கிறேன், ஹஜரத்' என்று சொல்லி நழுவுவோரை நாம் ஆண்டுதோறும் ரமளானில் காண்கிறோம்.

விடுப்பில் வருவோர் கேட்கும் மஸ்அலாக்களுள் அடிக்கடி வருவது தொழுகையைச் சுருக்குவது பற்றியது. நாற்பது நாள் விடுப்பில் வந்தவன், பத்து நாளில் அவசரமாகத் திரும்ப வேண்டியவன், தன் சொந்த ஊரில் கஸ்ர் செய்யலாமா? ஃபிக்ஹு நூல்களின் விடை தெளிவானது. சொந்த ஊரின் எல்லையை மிதித்த அக்கணமே அவன் பயணி அல்லன். ஒரு நேரமே தங்கினாலும் முழுமையாகத் தொழுதல் வேண்டும். அயலூரிலோ ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு நாளும், ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாளும் தங்க எண்ணினால்தான் பயணம் முடியும். ஹனஃபீ நூலோர் இதனை 'வத்தனே அஸ்லீ', 'வத்தனே இகாமத்' என்று இரண்டாகப் பிரிப்பர். முன்னது வேரூன்றிய ஊர். பின்னது தங்கியிருக்கும் ஊர். முப்பதாண்டு துபாயில் தங்கியவனுக்கும் அது வத்தனே இகாமத்தே. அவ்வூரை விட்டுப் பயணம் புறப்பட்டால் அத்தகுதி அழிந்துபோகும். வேரூன்றிய ஊர் என்னும் தகுதியோ பயணத்தால் அழிவதில்லை.

அது எதனால் ஊன்றுகின்றது என்று ஃபுகஹாக்கள் ஆராய்ந்த இடம் நம் வினாவுக்கு மிக நெருங்கியது. பிறந்த இடம், மணம் முடித்த இடம், குடும்பத்தோடு நிலையாக வாழ எண்ணிய இடம் என்று அவர்கள் வகுத்தனர். குடும்பம் வேறூர் சென்றுவிட்டு, முன்னைய ஊரில் வெறும் வீடும் நிலமும் மட்டும் எஞ்சினால் அது இன்னும் அவனது ஊர்தானா என்பதில் கருத்து வேறுபாடு நிகழ்ந்தது. அப்படியோர் ஐயம் எழுந்ததே நாம் கருதத்தக்கது. அங்கே மதிப்பு கல்லுக்கும் மரத்துக்கும் மட்டும் உரியதாக இருந்திருப்பின் ஐயத்துக்கே இடமில்லை. 'அஹ்ல்' எனப்படும் குடும்பமே அங்கே எடைக்கல். தமிழ் இல்லையும் இல்லாளையும் ஒரு வேரில் வைத்தது போலவே ஃபிக்ஹும் வைத்திருக்கின்றது.

அப்படியாயின், அஹ்லுக்காகக் கட்டடத்தையும் கட்டடத்துக்காக அஹ்லின் பிரிவையும் ஏற்பவன் எதை எதற்கு விற்கின்றான்?

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவின் தெருவில் நடந்து செல்கையில், போர்க்களம் சென்ற கணவனைப் பிரிந்த ஒரு பெண் தன் தனிமையைப் பாடக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று வினவினார்கள். மகளார் நாணத்தோடு விடை கூறினார்கள். அதன்பின் எந்தப் படைவீரனையும் அக்காலத்துக்கு மேல் களத்தில் நிறுத்தலாகாது என்று ஆணை பிறந்தது. அக்காலம் நான்கு திங்கள் என்றும் ஆறு திங்கள் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அல்லாஹ்வின் பாதையில் போர் புரியச் சென்றவனுக்கே இந்த வரம்பு. மாடிப்படிக்குக் கிரானைட் பதிப்பதற்காகச் சென்றவனுக்கு இரண்டாண்டு ஒப்பந்தம்!

மனைவி இசைந்தால் பிரிவு நீளலாம் என்று சட்டம் இடம் தருகின்றது. அந்த இசைவைக் கேட்டுப் பெற்றவர் எத்தனை பேர்? இங்கும் அவசரப்பட்டுப் பேசலாகாது. மாமியார் வீட்டில் ஓர் அறையில் நான்கு பிள்ளைகளோடு ஒடுங்கியவள், அல்லது வாடகைக்காரனின் ஏச்சைக் கேட்டவள், 'இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாங்க மச்சான், வீட்ட முடிச்சுருவோம்' என்றே சொல்வாள். அதுவும் அவள் உள்ளத்திலிருந்து வரும் சொல்தான். வீட்டைக் கட்டியவன் அவன் என்று ஊர் சொல்கின்றது. கொத்தனாரோடு வாதாடியவள், சிமெண்டு மூட்டையை எண்ணி இறக்கியவள், சித்தாள்களுக்குத் தேநீர் கொடுத்தவள், நிலைக்கதவுக்கு மரம் பார்க்கத் தச்சனோடு மரக்கடைக்கு நடந்தவள் அவள். இரவில் அன்றைய செலவை அவனுக்குத் தொலைபேசியில் ஒப்பித்தவளும் அவளே. ஆண்டுக்கணக்கில் கணவன் மனைவி இருவரும் பேசிய பேச்சில் பெரும்பகுதி செங்கல்லைப் பற்றியதாக இருந்தது என்றால் அது மிகையன்று. கடைசியில் அவன் திரும்பி வரும்போது, பேசுவதற்குச் செங்கல் இல்லை. அறுபதை நெருங்கும் இருவர் ஒருவரையொருவர் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது. பிள்ளைகள் அவரை மரியாதையாக நடத்துகின்றனர். விருந்தினரையும் அப்படித்தான் நடத்துவர்.

கடலோர ஊர்களில் இச்சுமை இரட்டிப்பாவதற்கு ஒரு காரணம் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வாள். மாப்பிள்ளை அங்கு வருவார். பெண்ணுக்கு வீடு கொடுத்தல் அங்கே வழக்கம். இவ்வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. மணவிலக்கோ கைம்மையோ நேர்ந்தால் தெருவில் நிற்காதபடி பெண்ணைக் காக்கும் அரண் அது. வெளியேற வேண்டியவன் ஆண்தான். மாமியார் கொடுமை என்னும் சொல் அவ்வூர்களில் மிகக் குறைவாகக் கேட்பதற்கும் அதுவே காரணம். ஆனால் ஒரே பெரிய வீட்டில் மூன்று மகள்கள் அறைக்கொருவராக வாழ்ந்த காலம் கழிந்து, மகளுக்கொரு தனி வீடு என்னும் நிலை பரவியபோது, நான்கு பெண்களைப் பெற்றவன் நான்கு வீடு கட்ட வேண்டியவனானான். அவனுக்கென்று ஒன்றுமில்லை. இறுதிக் காலத்தில் அவன் மகளின் வீட்டில் மாப்பிள்ளையின் விருந்தாளி. தந்தையால் இயலாதபோது அக்கடன் அண்ணன் தலையில் விழும். இருபது வயதில் விமானம் ஏறியவன், தங்கைமார் மூவருக்கும் வீடு முடித்த பின்னரே தன் திருமணத்தை நினைக்கின்றான். அப்போது தலையில் நரை.

ஷரீஅத் என்ன சொல்கின்றது? மனைவிக்குக் குடியிருப்பு அளித்தல் கணவன் கடமை. 'ஸுக்னா' என்று அதற்குப் பெயர். முன்னர் நாம் கண்ட அதே வேர். 'அத்தலாக்' அத்தியாயத்தில் இத்தா இருக்கும் பெண்ணுக்குக் கூட அவ்வுரிமை உறுதி செய்யப்படுகின்றது. தந்தை தன் அன்பால் மகளுக்கு வீடு கொடுப்பாராயின் அது ஈகை. பிள்ளைகளுக்கிடையே நேர்மை பேணிக் கொடுப்பாராயின் அதற்கு நற்கூலி உண்டு. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் 'வீடு உண்டா?' என்பதை முதல் கேள்வியாக வைத்து, இல்லையென்றால் பேச்சை முறித்துக்கொள்வாராயின், தாம் செலுத்த வேண்டிய கடனைப் பெண்ணின் தந்தையிடம் வசூலிப்பவராகின்றனர். மஹர் என்று ஆயிரமோ இரண்டாயிரமோ எழுதி, அரைக் கோடி மதிப்புள்ள வீட்டில் குடியேறும் ஒருவன், 'நாங்கள் வரதட்சணை வாங்குவதில்லை' என்று கூறக் கேட்கும்போது நமக்கு நாணம் உண்டாகின்றது. நிகாஹ் பதிவேட்டில் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அதனால் அது இல்லையென்று ஆகிவிடாது.

ஆடம்பரத்தைப் பற்றி இங்கே நீண்ட உபதேசம் செய்ய நாம் விரும்பவில்லை. உயரமான இடந்தோறும் வீண்பெருமைக்குக் கட்டிய ஆது கூட்டத்தாரின் செய்தி எல்லோரும் அறிந்ததே. நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச மட்டையாலும் ஆனவை. கூரையைக் கையால் தொட்டதாக ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் தம் இளமையை நினைவுகூர்ந்துள்ளார்கள். உமையாக் கலீஃபா வலீதின் காலத்தில் பள்ளியை விரிவாக்க அவ்வறைகள் இடிக்கப்பட்டபோது, அவற்றை அப்படியே விட்டிருந்தால் வருங்காலத்தார் கண்டு பாடம் பெற்றிருப்பரே என்று ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வருந்தினார்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு. விசாலமான இல்லத்தை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் துறவைப் பற்றிப் பேசும்போது கூட, தேவைக்கேற்ற அளவில் அலங்காரமின்றி ஒரு வீட்டை உடைமையாகக் கொள்வது துறவுக்கு வெளியே தள்ளாது என்றே கூறுவார்கள். மூதாதையர் விட்டுச்சென்ற முற்றமும் மாடியும் உள்ள வீட்டில் சாய்ந்துகொண்டு, ஓட்டு வீட்டிலிருந்து புறப்பட்டுப் போனவனுக்கு எளிமையைப் போதிப்பவரை நாம் அறிவோம். அவர்கள் சற்று வாய் மூடியிருத்தல் நலம். எளிய குடும்பத்தில் பிறந்தவன் தன் மகளை மழை ஒழுகாத கூரையின் கீழ் படுக்க வைக்க விரும்பினான். அதில் குற்றமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு மாடி கட்டினான் என்பதற்காக இவன் மூன்றாம் மாடிக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது வேறு. முதலாவது தேவை, இரண்டாவது போட்டி. இரண்டுக்கும் இடையில் எத்தனை ஆண்டு என்பதை அவனே எண்ணிக்கொள்ளட்டும். மேலே காட்டிய கணக்கின்படி, 500 சதுர அடிக்கு ஒன்பது ஆண்டு.

கடல் கடந்த நாட்டிலேயே கட்டிக்கொண்டோரின் கதையும் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் எழுப்பிய பள்ளிவாசல்கள் இருநூறு ஆண்டுகளாக நிற்கின்றன. அங்கே குடியுரிமை பெற்று வேரூன்றியோரின் வழிவந்தோர் இன்று அந்நாட்டு மக்களே. ரங்கூனிலும் நம்மவர்க்குக் கடைகள் இருந்தன, வீடுகள் இருந்தன, சூலியாப் பள்ளிவாசலும் எழுந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது, இந்தியர் இலட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகப் புறப்பட்டனர். வழியில் மாண்டோர் பலர். போருக்குப் பின் திரும்பிச் சென்று மீண்டும் கட்டினர். 1964-இல் பர்மிய இராணுவ அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது, கையிலிருந்த சாவியை மட்டும் வைத்துக்கொண்டு கப்பலேறினர். சைகோனிலும் 1975-க்குப் பின் இத்தகைய நிலையே. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியர் பெரும்பாலும் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் நம் ஊர்க்காரர் எத்தனையோ பேர் உடுத்த உடையோடு வந்து இறங்கினர். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது வேலை இழந்து வந்தோர், பூச்சு வேலை முடியாத தம் வீடுகளில், கதவில்லாத வாசலுக்குத் துணி கட்டிப் படுத்ததையும் கண்டோம்.

இதிலிருந்து ஊரார் எடுத்துக்கொண்ட பாடம், 'எங்கே உழைத்தாலும் ஊரிலே கட்டு' என்பது. பாடம் தவறன்று, முழுமையன்று. சொந்த ஊரில் இருந்த வீடும் நிலைக்கவில்லை என்பதற்கு நம் நாயகத்தின் வரலாறே சான்று. ஹிஜ்ரத் செய்து மதீனா சென்ற அண்ணலார், முதலில் அபூ அய்யூப் அன்ஸாரீ (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கி, பின்னர் பள்ளியை ஒட்டித் தமக்கு அறைகள் கட்டினார்கள். மக்காவில் இருந்த குடும்ப வீடுகளை அபூதாலிபின் மகனார் அகீல் விற்றுவிட்டிருந்தார். ஆண்டுகள் கழிந்து மக்காவுக்கு வரும்போது, எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) வினவ, அகீல் நமக்கு வீடு ஏதும் விட்டுவைத்தாரா என்னும் பொருள்பட அண்ணலார் மறுமொழி கூறியதை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. மக்கா அவர்கள் கைக்கு வந்தபின்னும் அவ்வீட்டை மீட்டுக்கொள்ளவில்லை, மதீனாவுக்கே திரும்பினார்கள். முஹாஜிர் ஒருவரின் வீட்டை உறவினர் விற்றுவிட்ட இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம், நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் கண்ட முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

ஏனெனில், கடல் கடந்தவன் கொடுக்கும் விலைகளுள் மிகக் கொடியது இதுதான்; யாரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. இருபது ஆண்டுகள் அவன் பணம் அனுப்புகின்றான். வாப்பாவின் பெயரில் உள்ள மனையில், வாப்பாவின் மேற்பார்வையில், தம்பி ஓடியாடி வீடு எழும்புகின்றது. அனுப்பிய பணம் வாப்பாவுக்கு அன்பளிப்பா, கடனா, அல்லது அவன் சார்பில் கட்டுவதற்காக ஒப்படைத்த பொருளா என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் மனம் நோகும் என்று நினைத்தனர். வாப்பா மவுத்தாகின்றார். மறுமாதம் வாரிசுக் கணக்கு வருகின்றது. பத்திரப்படி மனை வாப்பாவுடையது. மனையோடு சேர்ந்த கட்டடமும் அவருடையதே என்று ஒரு சாரார். பணம் முழுவதும் என்னுடையது என்று அவன். அனுப்பிய பணத்தில் பாதி எங்கள் சாப்பாட்டுக்கு வந்ததன்றோ, அதையும் கேட்பாயா என்று தம்பி. நான் இருபது ஆண்டு இங்கே தாய் தந்தையைப் பார்த்துக்கொண்டதற்குக் கூலி என்ன என்று அதே தம்பி. எல்லோர் சொல்லிலும் ஓரளவு நியாயம் இருக்கின்றது. அதனால்தான் வழக்கு தீருவதில்லை.

ஃபிக்ஹுடைய நிலையில், 'ஹிபா', 'கர்ள்', 'வகாலத்' ஆகிய இம்மூன்றும் வெவ்வேறு ஒப்பந்தங்கள். அன்பளிப்பாயின் கொடுத்ததும் தந்தைக்கு உடைமையாகும். அவருக்குப் பின் எல்லா வாரிசுகளுக்கும் பங்கு. கடனாயின் பாகம் பிரிப்பதற்கு முன் திருப்பித் தரப்பட வேண்டும். வகாலத் ஆயின், தந்தை மகனுடைய முகவராக மட்டும் நின்று செலவழித்தார். கட்டடம் மகனுடையது, நிலம் தந்தையுடையது. ஒரே பணம், ஒரே வீடு. எண்ணத்தையும் சொல்லையும் பொறுத்து மூன்று தீர்ப்பு. இறந்தவரிடம் எண்ணத்தைக் கேட்க வழியில்லை. திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று; தவணையிட்ட கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்பது அதன் கருத்து. தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுத்து எதற்கு என்று கேட்போர்க்கு, தந்தைக்குப் பின் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே நீதிமன்றப் படி எதற்கு என்பதே நம் மறுகேள்வி.

ஆதலின், விடுப்பு முடிந்து புறப்பட இருக்கும் சகோதரர்களுக்கு ஒன்று சொல்வோம். பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வாப்பா, உம்மா, மனைவி, உடன்பிறந்தோர் ஆகிய அனைவரையும் வைத்துக்கொண்டு, இதுவரை அனுப்பியது என்ன வகை, இனி அனுப்புவது என்ன வகை, மனை யாருடையது, கட்டடம் யாருடையது என்பதைத் தாளில் எழுதி, நீதியுள்ள இரு சாட்சிகளின் கையொப்பம் பெற்று, ஒரு படியை மனைவியிடமும் ஒரு படியை ஜமாஅத்திலும் கொடுத்துவையுங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் செய்யவேண்டியதைத் தனியே செய்யுங்கள். அதே அமர்வில் இன்னொன்றும் கேட்கப்படல் வேண்டும். கட்ட வேண்டிய அறை இன்னும் எத்தனை, அதற்கு ஆண்டு எத்தனை என்பதை மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவள் ஓர் அறையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால், அந்த வரைபடத்தை அன்றே மேஸ்திரியிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.